பாதிக் கேணி

காட்டுக்கொட்டாய், வேப்பூர் வழி
24-4-2024

செல்வநாயகிக்கு,

நலமா என்று கேட்க இதை எழுதவில்லை. என் போன் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய். உன் மூத்தார், அதான் என் வீட்டுக்காரர் போனிலிருந்து கூப்பிட்டால் எடுக்கிறாய், என் குரல் கேட்டதும் பட்டென்று வைக்கிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிப்பதற்கு முன்னால் நாலு வரியாவது உன் கண்ணில் படும்.

கேணி செத்துவிட்டதடி. பாகம் பிரித்தபோது அண்ணன் தம்பி இரண்டு பேரும் கொல்லையை நடுவில் வெட்டிக்கொண்டார்கள், கேணியை வெட்ட முடியாமல் பொதுவில் விட்டார்கள். அந்தக் கேணிதான். சித்திரையில்கூட நாலு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நின்ற கேணி. இப்போது அடியில் ஒரு தாம்பாளம் அளவு சேறு. தவளைகள் செத்து வயிறு உப்பிக் கிடக்கின்றன. வாளியை இறக்கினால் வருகிற நாற்றத்தில் மாடே மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறது.

தூர் வாரலாம் என்று உன் மூத்தார் போன வாரம் உள்ளே இறங்கினார். பாதியில் நின்றுகொண்டு கத்தினார்: "அடியே, இங்க வந்து பாருடி! கல்லு சந்துலேருந்து மசுரு மாதிரி தொங்குது!" எட்டிப் பார்த்தேன். சிவப்புச் சிவப்பாக, கொத்துக் கொத்தாக, சடைபிடித்த முடி மாதிரி வேர். உன் தைல மரத்து வேர். வரப்பைத் தாண்டி, என் மல்லாட்டைக் கொல்லைக்கு அடியில் ஓடி, கேணிச் சுவரைத் துளைத்து உள்ளே வந்திருக்கிறது. இழுக்க இழுக்க வந்தது. குளியலறைச் சாக்கடையில் அடைத்த முடியை இழுப்போமே, அந்த வழவழப்பு. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இன்றுவரை சோறு பிசையும்போது அந்த ஞாபகம்.

ஏழு வருஷம் முன்னால் நீங்கள் பீங்கான் கம்பெனி வேலைக்கு விருத்தாசலம் போனீர்கள். சும்மா கிடக்கும் நிலமாயிற்றே என்று நட்டீர்கள். நான் ஒரு வார்த்தை சொன்னேனா? வரப்போரம் மல்லாட்டை பிடுங்கினால் கடலை எல்லாம் பொக்கு. அதற்கும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையே என்கிற கதையாக, உன் மரம் என் மண்ணுக்கடியில் விருந்து சாப்பிடுகிறது.

ஆனியில் மரம் வெட்ட ஆள் வருகிறதாம். வெட்டிக்கொள். அடிக்கட்டையை மட்டும் விடாதே, ஜேசிபி வைத்துப் பிடுங்கு. விட்டால் போன தடவை மாதிரி மறுபடியும் துளிர்க்கும். இன்னொரு வெட்டுவரைக்கும் இந்தக் கேணி தாங்காது. கேணி போனால் மாடு போகும். மாடு போனால் நாங்களும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். எனக்கு வேறு ஊர் கிடையாது.

உன் ஓரகத்தி,
அன்புக்கரசி


விருத்தாசலம்
3-5-2024

அக்காவுக்கு,

நம்பரை எதற்குத் தடுத்தேன் என்று தெரியாதவர் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நான் சொல்கிறேன். கம்பெனியில் என் இரண்டு கையும் ஈர மாவாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். நீங்கள் எடுத்த எடுப்பில் "தண்ணி குடிக்கிற பேயே" என்று ஆரம்பித்து, என் அம்மா வரைக்கும் போய்விட்டு வந்தீர்கள். சூப்பர்வைசர் உட்பட மொத்தக் கூடமும் கேட்டது. அன்றிலிருந்து ஒருத்தி எனக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டும்போதெல்லாம் சிரிக்கிறாள்.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். வேப்பூரிலிருந்து உங்கள் கொட்டாய் வரைக்கும் ஆளாளுக்கு போர் போட்டு உறிஞ்சுகிறார்கள். அதெல்லாம் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, என் மரம்தான் தெரிகிறது. வேர் என்றால் உங்கள் முந்திரிக்கும் வேர் இருக்கிறது. அது மாமனார் காலத்திலிருந்து நிற்கிறது. அது என்ன தாகமே எடுக்காத சாமியாரா?

தைலம் ஏன் நட்டோம்? மல்லாட்டை போட்டால் யார் வந்து களை எடுப்பது? நீங்கள் எடுப்பீர்களா? அந்த மரத்துக்கு ஆள் வேண்டாம், காவல் வேண்டாம், ஆடு மாடு வாய் வைக்காது. எங்களை மாதிரி ஊரை விட்டு வந்தவர்களுக்கு வேறு என்ன இருக்கிறது?

உங்கள் கொழுந்தன் சூளைப் பக்கம் வேலை பார்த்து இருமுகிற இருமலை நீங்கள் கேட்டதில்லை. துப்பினால் சளி பீங்கான் மாவு நிறத்தில் வருகிறது. காலையில் அந்த வாஷ்பேசினைக் கழுவுகிறவள் நான். குமட்டலைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதீர்கள். அவர் வேலையை விடுகிற நாளுக்கு எங்களுக்கு இருக்கிற ஒரே பிடிமானம் அந்த மரம்தான். கட்டையைப் பிடுங்கச் சொல்கிறீர்கள். பிடுங்க மாட்டேன்.

செல்வநாயகி


காட்டுக்கொட்டாய்
27-5-2024

செல்வநாயகிக்கு,

முந்திரியைக் கேட்டாய். சொல்கிறேன், கேட்டுக்கொள். முந்திரியும் குடிக்கும். ஆழத்துக்குத்தான் போகும். ஆனால் என் முந்திரி ஒன்றுக்கொன்று கத்திப் பேசினால்தான் கேட்கும் தூரத்தில் நிற்கிறது. அதன் அடியில் புல் முளைக்கிறது, ஆடு படுக்கிறது. அது நின்ற காலம் முழுக்கக் கேணியிலும் தண்ணீர் நின்றது. உன் மரம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, தேர்த்திருவிழாக் கூட்டம் மாதிரி நிற்கிறது. அத்தனையும் வருஷம் முழுக்கக் குடிக்கிறது. மழை பெய்தாலும் குடிக்கிறது, காய்ந்தாலும் குடிக்கிறது. உள்ளே போய்ப் பார், ஒரு பூச்சி கத்தாது.

வரப்போரம் பள்ளம் வெட்டினேன், வேரை அறுக்கலாம் என்று. நானும் கூலிக்கு இரண்டு பொம்பளைகளும். இடுப்பு ஆழம் வெட்டினோம். என் மணிக்கட்டு கனத்துக்கு வேர். அரிவாளால் ஒரு போடு போட்டால் வெட்டின வாயிலிருந்து தண்ணீர் கசிகிறது. சுற்றி மண் புழுதியாகப் பறக்கிறது, அது மட்டும் ஈரமாக நிற்கிறது. என் கேணித் தண்ணீரடி அது! கூட வந்தவள் சொன்னாள், "அக்கா, இத அறுத்தா இதுக்குக் கீழ ஒண்ணு போவும். நீ எம்மாந்தூரம் வெட்டுவ?"

உன் மூத்தாரைத் தம்பியிடம் போய்ப் பேசச் சொன்னேன். வாயில் கொழுக்கட்டை. "அவன் நெலம், அவன் நட்டுருக்குறான், நான் என்னாத்த கேக்கறது" என்கிறார். இந்த வீட்டு ஆம்பளைகளுக்கு உப்புப் போட்டுத்தான் சமைக்கிறேன்.

அதனால் நானே போனேன். வெள்ளிக்கிழமை பஸ் ஏறி மணவாளநல்லூர் வந்து, கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதி, முனியப்பருக்கு முன்னால் வேலில் கட்டிவிட்டேன். உன் பெயர், உன் வீட்டுக்காரர் பெயர், ஊர், எல்லாம் எழுதினேன். "என் கேணித் தண்ணீரை மரம் வைத்துத் திருடுகிறார்கள், கட்டையைப் பிடுங்க மறுக்கிறார்கள்" என்று எழுதினேன். மூன்று மாதத்தில் தீர்ப்பு சொல்வார் என்பது உனக்கும் தெரியும். உன் வீட்டுக்கு வந்து உன்னோடு தெருவில் சண்டை போடுவதைவிட இது மரியாதை என்று நினைத்தேன்.

அன்புக்கரசி


விருத்தாசலம்
2-7-2024

அன்புக்கரசி அம்மாளுக்கு,

இனி அக்கா இல்லை.

நீங்கள் பிராது கட்டியது எனக்குக் கடிதம் வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. கோயிலில் பூக்கட்டுகிறவளின் மருமகள் எங்கள் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள். "ஏன் செல்வாக்கா, உங்க மேல பிராது கட்டியிருக்காங்களாமே, என்னா திருடுனீங்க?" என்று டீ நேரத்தில் எல்லார் முன்னாலும் கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் டம்ளரை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள். பெரிய நோய் கண்டவளைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்கள்.

அதற்குப் பிறகு உங்கள் கொழுந்தன் சூளை வாசலில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, நெஞ்சில் மாவு படிந்திருக்கிறது, இந்த வேலை இனி வேண்டாம் என்கிறார்கள். மாவு பிராதுக்கு முன்னாலேயே படிந்திருக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவர் என்ன கேட்டார் தெரியுமா? "அண்ணி என் பேரையுமா எழுதுனாங்க?" என்றார். சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். நீங்கள் ஊற்றிய கஞ்சியைக் குடித்து வளர்ந்தவர்.

சொந்தக் கொழுந்தன் பெயரை எழுதி வேலில் குத்திவிட்டு, "மரியாதை" என்று எழுதுகிறீர்களே, உங்களை நினைத்தாலே எனக்கு வாய் கசக்கிறது. த்தூ.

மரம் வெட்டியாயிற்று, பார்த்திருப்பீர்கள். கட்டை அப்படியே நிற்கும். சாமியிடம்தானே போனீர்கள். சாமியே மண்வெட்டி எடுத்துக்கொண்டு வந்து பிடுங்கட்டும்.

செல்வநாயகி


காட்டுக்கொட்டாய்
9-8-2024

அடி பாவி,

எழுத்துக் கோணலாக இருந்தால் அப்படியே படி.

நேற்று தீவனம் வாங்க வேப்பூர் போயிருந்தேன். திரும்பி வரும்போது வண்டிப் பாதையில் டிப்பர் எதிரே வந்தது. வெள்ளைத் தூசி. யாரோ வீடு கட்டுகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டே வந்தேன். கேணிமேட்டில் ஊரே நிற்கிறது. ஒருத்தன் சிரிக்கிறான், ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். எட்டிப் பார்த்தேன்.

கக்கூஸ். கேணி நிறைய கக்கூஸ் பீங்கான்! உட்காருகிறது, குந்துகிறது, உடைந்தது, ஓட்டை விழுந்தது, ஒன்றின்மேல் ஒன்றாக வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. மாமனார் பூசை போட்டு வெட்டின கேணி. என் பிள்ளைகளுக்கு முதல் தலைக்கு ஊற்றின தண்ணீர் அதில் மொண்டது. அப்படியே கேணிமேட்டில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். காலையில் குடித்த கஞ்சி, காப்பி எல்லாம் வந்தது. அதற்குப் பிறகும் வந்தது.

டிரைவர் மறுநடை கொண்டுவந்தான். மறித்தேன். அவன் எனக்கு ஆறுதல் சொல்கிறான்: "ஏம்மா அழுவுறீங்க, எல்லாம் புதுசுதாங்க. கம்பெனியில கழிச்சுப் போட்டது. யாரும் ஒக்காரலைங்க." அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். உன் மூத்தார் வந்து விலக்கினார். அப்போதும் தம்பியை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உடைந்த பீங்கானைக் கொண்டுபோய்க் கொட்ட ஊரில் குழியா இல்லை? குடிக்கிற இடத்தில் கொண்டுவந்து கொட்ட உனக்கு மனசு எப்படி வந்தது? நீ சோறுதானே தின்கிறாய்? ஊர்ப் பிள்ளைகள் இப்போதே "கக்கூஸ் கேணி" என்கின்றன. உன் கட்டை ஒவ்வொன்றும் நாலு ஐந்து கிளை விட்டுத் துளிர்த்திருக்கிறது. எனக்கு அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. பொம்பளையாகப் பிறந்தவள் செய்கிற காரியமா இது? சீ!

இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன்.


விருத்தாசலம்
16-8-2024

கேணியில் பாதி எனக்கு. என் பாதியில் கொட்டினேன். உங்கள் பாதியில் விழுந்ததை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் இல்லாத கேணி வெறும் குழிதான். அதில் கிடப்பது நான் தட்டிப் பார்த்துக் கழித்தவை. மரச் சுத்தியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பது இப்போது என் வேலை. விரிசல் இருந்தால் சத்தம் செத்துவிடும். சூளையில் வெந்து வந்ததில் அழுக்கு ஏது? உங்கள் வீட்டுச் செம்புப் பானையைவிடச் சுத்தம்.

குடிக்கிற இடம் என்கிறீர்கள். யார் குடிக்கிற இடம்? நான் கல்யாணமாகி வந்த வருஷம் தூரமான நாட்களில் அந்தக் கேணிமேட்டை மிதிக்கக்கூடாது என்றார்கள். வெயிலில் எட்ட நின்று, யாராவது வருவார்களா என்று தொண்டை காய்ந்து காத்திருப்பேன். நீங்கள்தான் வருவீர்கள். குடத்தை உயரத் தூக்கி, மேலே படாமல் என் கையில் ஊற்றுவீர்கள். ஒரு தடவை என் விரல் குடத்து வாயில் பட்டுவிட்டது. என் கண் எதிரேயே அதற்குப் புளி போட்டுத் தேய்த்தீர்கள். உங்கள் மூஞ்சியில் அன்றைக்கு இருந்த அருவருப்பு இருக்கிறதே, அதே அருவருப்பை இப்போது உங்களுக்கு நான் கொடுத்திருக்கிறேன். நன்றாக வாந்தி எடுங்கள்.

செல்வநாயகி


விருத்தாசலம்
20-10-2024

அக்காவுக்கு,

என் போன கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. இதற்கும் வேண்டாம். விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

நேற்று கட்டை எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டோம். இரண்டு ஜேசிபி விட்டோம். நீங்கள் வீட்டுக்குள் இருந்துகொண்டு கதவைச் சாத்தியதைப் பார்த்தேன்.

உங்கள் மேல் உள்ள பாசத்தில் செய்யவில்லை. இவருக்கு மூச்சு இழுப்பு நிற்கவில்லை. வேலையை விட்டாயிற்று, மருந்து ஒரு பக்கம் போகிறது. ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பிராது கழுத்துல கெடக்குற மாதிரியே இருக்குது செல்வா, அத எடுத்துடச் சொல்லேன்" என்றார். எனக்கு அதில் நம்பிக்கை பாதிதான். அவருக்கு முழுசாக இருக்கிறது. போதாதா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டை பிடுங்கின பள்ளத்தில் இறங்கிப் பார்த்தேன். மேலே ஐப்பசித் தூறலில் ஒரு சாண் ஈரம். அதற்குக் கீழே ஓர் ஆள் ஆழத்துக்கு மண் அப்படியே மாவு. கையில் அள்ளினால் விரல் சந்தில் ஒழுகுகிறது. எங்கள் கம்பெனியில் அரைத்துக் காயவைத்த மாவு மாதிரி. ஜேசிபிக்காரர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, "இம்மாம் ஆழத்துல மண்ணு செத்துப் போயிருக்குதேம்மா, மொத மழைய இதுவே குடிச்சிடும், கேணிக்கு ஒண்ணும் வராது" என்றார். என் புருஷன் நெஞ்சுக்குள்ளும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். உங்களைக் கண்டால் இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் மண்ணைப் பற்றி நீங்கள் சொன்னது பொய் இல்லை.

கோயிலுக்குப் போய் ராஜினாமா எழுதிக் கட்டிப் பிராதை வாபஸ் வாங்குங்கள். அவர் பெயரையாவது எடுங்கள்.

செல்வநாயகி


காட்டுக்கொட்டாய்
9-1-2025

செல்வநாயகிக்கு,

ராஜினாமா கட்டிவிட்டேன். உன் பெயரையும் சேர்த்துத்தான் எடுத்தேன். என் கொழுந்தன் நடராசன் பெயரை எழுதியிருக்கக்கூடாது. அதை அவனிடம் சொல்.

தண்ணீர் வந்துவிட்டது. ஐப்பசி மழையை உன் ஜேசிபிக்காரர் சொன்ன மாதிரி மண்ணே குடித்தது. கார்த்திகைப் புயலில் மூன்று நாள் விடாமல் கொட்டியதே, அதில்தான் கேணிக்கு ஊற்று எடுத்தது. இரவெல்லாம் உள்ளே களகளவென்று சத்தம். காலையில் போய்ப் பார்த்தால் பாதிக் கேணிக்குத் தண்ணீர். கண்ணாடி மாதிரி தெளிந்து நிற்கிறது. அடியில் அந்த வெள்ளைச் சனியன்கள் தெரிகின்றன.

நான் கும்பிட்டதை சாமி கொடுத்துவிட்டார். என்னால்தான் வாங்கிக்கொள்ள முடியவில்லை. ஒரு சொம்பு மொண்டு வாய்வரைக்கும் கொண்டுபோனேன். உள்ளே போகவில்லை. புதுசுதான், யாரும் உட்காரவில்லைதான், நூறு தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொண்டை மூடிக்கொள்கிறது. அந்தத் தண்ணீரில் உலை வைத்தேன், சோறு இறங்கவில்லை. துணி துவைத்தேன், அந்தப் புடவையைக் கட்ட உடம்பு கூசுகிறது. இத்தனை மாதமும் பஞ்சாயத்துக் குழாயில் குடம் வைத்துக் காத்துக் கிடந்து முதுகு போய்விட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் "கக்கூஸ் கேணிக்காரம்மா" என்கிறார்கள். மாட்டை விற்றுவிட்டேன். கேணியைத் தூர் வாருகிறேன் என்று இவரும் இறங்கவில்லை. "தம்பி கொட்டுனது, தம்பியே எடுக்கட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார். அதற்கு மட்டும் வாய் வந்தது.

அதனால் நாங்கள் கிளம்புகிறோம். விருத்தாசலத்தில் வேறொரு பீங்கான் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. தை பிறந்ததும் வருகிறோம். கொல்லையை என்ன செய்வது? யார் வந்து களை எடுப்பது? மார்கழியிலேயே தைல மரம் நடச் சொல்லி ஏஜெண்டு வந்தான். உன் மூத்தார் கையெழுத்துப் போட்டார். மல்லாட்டைக் கொல்லை முழுக்கத் தைலக் கன்று நட்டாயிற்று. நட்ட குழி எல்லாவற்றையும் நான்தான் மூடினேன். எழுதும்போதே என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. உனக்குச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்.

அன்புக்கரசி


காட்டுக்கொட்டாய்
6-7-2025

அக்காவுக்கு,

சிரிக்கவில்லை.

நாங்கள் மாசியிலேயே ஊருக்கு வந்துவிட்டோம். நீங்கள் ஒரு பஸ்ஸில் போக நாங்கள் அடுத்த பஸ்ஸில் வந்த மாதிரி ஆயிற்று. தூசி இல்லாத இடத்தில் இவரை வைக்கச் சொன்னார்கள். நமக்கு வேறு எந்த இடம் இருக்கிறது? கொல்லையில் கம்பு போட்டேன், கொஞ்சம் மல்லாட்டை போட்டேன். இவர் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்துகொண்டு கிளி ஓட்டுகிறார். இருமல் குறைந்திருக்கிறது. நின்றுவிடவில்லை.

கேணியில் மேலாகக் கிடந்ததை எல்லாம் எடுத்துவிட்டோம். கயிறு கட்டி ஒவ்வொன்றாக நானே மேலே இழுத்தேன். பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பிடித்தார்கள். அடிச் சேற்றில் புதைந்தது மட்டும் வரவில்லை, அது கிடக்கிறது. அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். முதல் நாள் எனக்கும் தொண்டையில் நின்றது, பொய் சொல்லவில்லை. நான் போட்டது என்பதால் விழுங்கினேன்.

இப்போது கேட்கப் போவது வெட்கம் கெட்ட கேள்வி. உங்கள் கன்றுகள் என் இடுப்பைத் தாண்டிவிட்டன. காற்றடித்தால் அந்த மருந்து வாசனை வருகிறது. நேற்று ஒன்றைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். கைக்கு வரவில்லை, மண்வெட்டிக்கு வரும். இன்னொரு மழைக்காலம் கண்டுவிட்டால் மண்வெட்டிக்கும் வராது. இந்த வருஷம் கேணி தாங்கும், அடுத்த வருஷமும் தாங்கலாம். அதற்குப் பிறகு? இவரைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன்? மறுபடியும் அந்த மாவுக்குள்ளா?

பிடுங்க வேண்டும், அக்கா. நானே பிடுங்கியிருப்பேன். உங்கள் நிலம். ஒரு தடவை உங்கள் பாதியில் கை வைத்தது போதும் என்றுதான் கேட்கிறேன். கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

செல்வநாயகி


விருத்தாசலம்
13-7-2025

செல்வாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். நன்றாக வேண்டும் இவளுக்கு என்று வாய்விட்டே சொன்னேன். இவர் திரும்பிப் பார்த்தார். அந்தச் சந்தோஷம் ஒரு வேளைச் சோறு செரிக்கிறவரைக்கும்கூட நிற்கவில்லை.

நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் தெரியுமா? லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் கிளாசெட்டுக்கு வைக்கோல் சுற்றுகிறேன். மாட்டுக்குப் போட வேண்டிய வைக்கோலைக் கக்கூஸுக்குச் சுற்றுகிற பிழைப்பு. மத்தியானம் அதன்மேலேயே தூக்குச்சட்டியை வைத்துச் சோறு தின்கிறோம். ஒரு நாள் பேச்சுவாக்கில் அதன்மேல் உட்கார்ந்து தின்றிருக்கிறேன், எழுந்த பிறகுதான் உறைத்தது.

இந்தத் தெருவுக்கு லாரியில் தண்ணீர் வருகிறது. பிடித்துவைத்தால் மறுநாள் நூல் நூலாகப் புழு நெளிகிறது. துணியில் வடிகட்டிக் கொதிக்க வைத்தால் மேலே ஏடு கட்டுகிறது. அதைக் குடிக்கிறேன். ஆறு மாதமாகக் குடித்துக்கொண்டிருக்கிறேன். புழுத் தண்ணீர் தொண்டையில் இறங்குகிறது, என் சொந்தக் கேணியில் மழை ஊற்றிய தண்ணீர் இறங்கவில்லை என்றால் இந்தத் தொண்டையை என்ன சொல்வது? எனக்கு இப்போது அந்தத் தண்ணீரின்மேல் கோபமில்லை, இந்தத் தொண்டையின்மேல்தான்.

இவரிடம் கேட்டேன். "கையெழுத்து போட்டாச்சு, ஏஜெண்டு சும்மா வுடுவானா?" என்கிறார். கையெழுத்துப் போட்டது அவர். நட்டது நான், பிடுங்குவதும் நான். ஏஜெண்டு வந்தால் என்னிடம் பேசட்டும். எனக்கு வாய் இருக்கிறது, உனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். மண்வெட்டியைத் தீட்டி வை, கடப்பாரை ஒன்றும் எடுத்து வை. உனக்காக வருகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ செய்ததை நான் மறக்கவில்லை, மறக்கவும் போவதில்லை. நான் புளி போட்டுத் தேய்த்ததை நீயும் மறக்க வேண்டாம். இரண்டு பேரும் அதை வைத்துக்கொண்டே பிடுங்கலாம். நிறைய இருக்கிறது, ஒரு நாளில் முடியாது. ராத்திரி அங்கேதான் தங்குவேன். நடராசனிடம் சொல், அண்ணி வருகிறாள் என்று.

வெயிலில் வேலை செய்தால் தாகம் எடுக்கும். குழாய்த் தண்ணீர் பிடித்து வைக்காதே. கேணியில் மொண்டு வை, குடித்துப் பார்க்கிறேன். வாந்தி எடுத்தால் திட்டாதே.

அன்புக்கரசி